இடது காது வழக்கு

என் இடது காதுக்கு என்ன ஆனது என்பதில் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. ஹட்டனுக்குப் போகும் வழியில் ஒரு பொலிஸ் பொறுப்பதிகாரி என் ஆட்டோவை மறித்தார். கை காட்டிய இடத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன் என்று வெளியே இழுத்துப்போட்டு அறைந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் அறைந்தார். நிதானமான மனிதர்.

இரண்டாவது கருத்து அவருடையது. நான் அடிப்படை உரிமை மீறல் மனு போட்டதும் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறார். அவர் கடமையை நல்லெண்ணத்துடன் செய்தாராம். குறைந்தபட்ச பலத்தையே பிரயோகித்தாராம். மனுதாரர் வருடாவருடம் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே நிற்பவர் என்பதால் செவிப்பறை அதில் கிழிந்திருக்கக்கூடுமாம். அடப்பாவி! எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு மைக்செட் கட்டுவது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காகப் பழியைத் தூக்கி அம்மன் பாட்டின் மேலா போடுவது?

ஹட்டனில் என் வழக்கைப் பார்க்கும் லோயரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்காமல் பேசுவார்.

"சில நாடுகளில பொலிசுக்கு மேல வழக்குப் போடுறது லேசில்லைத் தம்பி. இதே மாதிரி அடிச்சது பிழையெண்டு முன்னமே ஒரு கோர்ட் சொல்லியிருக்கோணும். இல்லாட்டிச் சட்டமே அவைக்குக் கவசம். இங்க அப்பிடியில்லை. நிரூபிச்சால் அவர் தன்ர கையாலதான் நட்டஈடு கட்டோணும்."

"அப்ப இங்க கவசமே இல்லீங்களாம்மா?"

"சட்டத்தில இல்லை. அடிச்சதை ஆரும் பாத்தவையோ?"

ஒருவர் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கோயில் தலைவர். அன்று போன வருடத் திருவிழாவுக்குச் சாமான் வாங்க அவரைத்தான் ஏற்றிக்கொண்டு போனேன். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். சாட்சிக்குக் கூப்பிட்டபோது, "நான் பாக்கலியே தம்பி. அன்னைக்கு ஒரே பனி, ஒன்னும் தெரியல," என்றார். பனி பின்சீட்டில் மட்டும் இறங்கியிருக்கும் போல.

அவரையும் முழுசாகத் திட்ட முடியவில்லை. திருவிழா ஒலிபெருக்கிக்கு அனுமதி தரவேண்டியவர் அதே பொறுப்பதிகாரி. இந்த வருடம் தலைவர் போகும்போதெல்லாம் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் தலைவர் என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் பேச்சை எடுத்தார்.

"கேஸ வாபஸ் வாங்கிரு தம்பி. ஊருக்காகத்தான் கேக்குறோம்."

"என் காது ஊருக்குச் சேத்தி இல்லீங்களா தலைவரே?"

"ஒனக்கு ஒரு காதுதானே கேக்கல. மைக் இல்லாட்டி ஊருக்கே கேக்காதுல்ல."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. திருவிழா முடியட்டும், யோசிக்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். தலைவர் அதை அப்படியே கொண்டுபோய், வாபஸ் வாங்கச் சம்மதித்துவிட்டான் என்று பொலிசில் சொல்லியிருக்கிறார். மறுநாளே அனுமதி வந்தது. கூடவே, பிரதம விருந்தினராகப் பொறுப்பதிகாரியும் வந்தார்.

மாலை போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அவர் பேசுவதற்கு மைக்கை உயரம் பார்த்து வைத்துக்கொடுத்தது நான். மைக்கைக் கையில் எடுத்து, தமிழில் "வணக்கம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் பழக்கதோஷத்தில் தட்டித் தொலைத்தேன். அடுத்த வார்த்தைக்குள் ஜெனரேட்டர் விக்கி நின்றுபோனது.

கோயிலுக்குப் பின்னால் ஓடி, பிளக்கைத் துடைத்துப் போட்டு, கயிற்றை இழுத்து இழுத்துக் கிளப்பினேன். நல்ல காதை அதன் பக்கம் வைத்துச் சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த உறுமலில் வேறொன்றும் கேட்கவில்லை. முன்னால் வந்து பார்த்தால் கூட்டம் வாயடைத்து நிற்கிறது. பொறுப்பதிகாரி ஜீப்பில் ஏறிக்கொண்டிருக்கிறார். தலைவர் தரையைப் பார்க்கிறார். "செட் அவுட்டாயிருச்சா?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, இப்போதெல்லாம் செய்வதுபோல என் வலது பக்கமாக வந்து நின்றாள்.

"கரண்டு இல்லன்னு நெனச்சுக்கிட்டு, மைக்க கையில வச்சுக்கிட்டே தலைவருகிட்ட பேசிட்டிருந்தாரு. நீங்க ஜெனரேட்டர ஸ்டார்ட் பண்ணதும் பாதிலேர்ந்து கேட்டுச்சு. சிங்களத்துல. 'ஒரு அறைதானே விட்டேன், அதுக்கே கொழும்பு வரைக்கும் போயிட்டான். இன்னொன்னு விட்டிருந்தா மத்த காதும் போயிருக்கும்'னாரு."

"எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"தோட்டத்து மேல் டிவிசன் வரைக்கும் கேட்டிருக்கும். நீங்க கட்டுன ஸ்பீக்கராச்சே."

அவள் நகரவில்லை.

"அதுகூடப் பரவால்லங்க. தலைவரு சிரிச்சாரு. அதுவும் கேட்டுச்சு."

அறை வாங்கிய அன்று நான் அழவில்லை. காதில் சீழ் வந்தபோதும் அழவில்லை. நான் பார்க்காத, கேட்காத அந்தச் சிரிப்புக்கு உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

காலையில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலைவர் வந்தார். சலவைச் சட்டை, சவரம் செய்யாத முகம். நேராகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்க போகணும்?" என்றேன். குரலில் மரியாதை வைக்கவில்லை.

"ஹட்டனுக்கு. வீட்ல ஒருத்தரும் என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்குறாங்க தம்பி."

"மைக்குக்கு அடுத்த வருசம் என்ன பண்ணுவீங்க?"

"தப்பு மேளம் அடிச்சுக்குவோம். வண்டிய எடு."

வழியில் நான் அறை வாங்கிய இடம் வந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

லோயரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பனியெண்டு சொன்னவர் இவர்தானே?"

தலைவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"பனியெல்லாம் இல்லீங்கம்மா. நல்ல வெயிலு. அடிக்கிறதுக்கு முன்னாடி அவரு கறுப்புக் கண்ணாடியக் கழட்டி, சட்டப் பையில வச்சாரு."

லோயரம்மா என் பக்கம் திரும்பினார். கண்ணாடி விஷயத்தை நான் யாரிடமும், லோயரம்மாவிடம்கூட, சொன்னதில்லை.