உடைசலுக்குள் போன வீடு

மழை விட்ட மறுநாள் எங்கள் தெருவில் வெறுங்கால் வைத்தால் 'கறுக்'கென்று ஏதாவது உடையும். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் சூளையில் விரிசல் விட்ட கிண்ணங்களையும் பொம்மைகளையும் காலங்காலமாகக் கொட்டி மூடிய 'உடைசல்' மேட்டின் மேல்தான் எங்கள் தெரு எழும்பியிருந்தது. அந்த மேட்டில்தான் சித்தப்பா மூன்று சென்ட் மனை வாங்கி, சித்தியின் நகைகளை விற்று, அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார்.

அந்த வருடம் டிவியில் ஞாயிறுதோறும் புதையல் தேடும் நிகழ்ச்சி ஒன்று வந்துகொண்டிருந்தது. தொப்பிக்காரர் ஒருவர் கேமராவைப் பார்த்து, 'பானை ஓடு தென்பட்டால் நில்லுங்கள், அதற்குக் கீழேதான் இருக்கிறது' என்பார். நாங்கள் சோற்றுத் தட்டை மறந்து பார்ப்போம். எந்த ஊருக்கும் பொருந்தலாம் அந்த வாக்கு, எங்கள் ஊருக்கு மட்டும் பொருந்தாது. சித்தப்பாவின் குழியில் இடுப்பளவில் வெள்ளை ஓடு, தலையளவில் பூப்போட்ட ஓடு, அதற்கும் கீழே கறுத்த ஓடு!

"ஏங்க, இது கம்பெனி கொட்டின குப்பைங்க" என்றாள் சித்தி.

"மேல இருக்கறது கம்பெனிது. கீழ இருக்கறது ராஜாதுடி" என்றார், அதே கம்பெனிச் சூளையில் வருடக்கணக்காக வேலை பார்த்த சித்தப்பா.

கொத்தனாரை அனுப்பிவிட்டு ஜேசிபியை வாடகைக்கு வைத்தார். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் கத்தும் 'மிஷினு' கொண்டுவந்தார். உடைந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகளின் பித்தளைக்கெல்லாம் அது 'கீங் கீங்' என்று கத்த, செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் வைத்திருந்த பணம் முழுக்க அந்தக் குழிக்குள் போனது. பக்கத்து வீட்டுச் சுவரில் தலைமுடி போல ஒரு விரிசல் ஓடியது. சித்தி தினமும் அதில் விரல் வைத்துப் பார்ப்பாள்.

ஒருநாள் விஏஓ பைக்கை நிறுத்தி எட்டிப் பார்த்தார். "கிடைச்சா கலெக்டருக்கு எழுதித் தரணும், மறைச்சா ஜெயிலு. கிடைக்கலன்னா அனுமதியில்லாம மண்ணு எடுத்த கேஸு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்று சிரித்தார்.

சித்தப்பா சிரிக்கவில்லை. "கிடைச்சா நமக்குப் பங்கு உண்டுங்களா?" என்றார்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, பக்கத்து வீட்டுச் சமையற்கட்டு அப்படியே குழிக்குள் சரிந்தது. அந்த வீட்டார் பூசைக்கு சர்ச்சுக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினார்கள். போலீஸ் வந்தது, ஜேசிபியை ஓட்டிப் போனது. வழக்கு முடியும்வரை மனையைத் தொடவும் கூடாது, விற்கவும் கூடாது. சித்தப்பா இன்றும் வாய்தாவுக்குப் போய் வருகிறார், சித்தி இன்றும் வாடகை வீட்டில் இருக்கிறாள்.

உடைசல் மேடுகள் இப்போது கொடி நட்ட மனைப்பிரிவுகள். அந்த ஞாயிறு நிகழ்ச்சியும் இல்லை. போன மாதம் சித்தியோடு அந்தப் பக்கம் போனபோது, பச்சைத் தண்ணீர் நிற்கும் குழியின் விளிம்பில் இரண்டு பேர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இங்க என்னக்கா இருக்குது?"

"எங்க வூடுதாம்பா. உள்ளதான் கிடக்குது, எடுத்துக்குங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "எவ்வளவு ஆழத்துலக்கா?"