ரேகே கிழவர் விட்ட இடைவெளி

தொண்ணூறுகளில் ஹனோவரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தைத் துடைக்கிற வேலை எனக்கு. அங்கேதான் அந்த ஜமேக்கா கிழவரைக் கண்டேன். நரைத்த சடை இடுப்பு மட்டும் தொங்கும். ரேகே இசையில் பெரிய ஆளாம். ஆனால் கதவு, கதிரை, என் தண்ணீர் வாளி என்று எதைக் கண்டாலும் தட்டி, காதை வைத்துக் கேட்பார். அந்தச் சத்தங்களை வைத்தே புது இசைத்தட்டுச் செய்தார்.

ஒருநாள் என்னையும் ஒலிவாங்கிக்கு முன்னால் இருத்தினார்.

"உன்ரை பாஷையில ஏதாவது சொல்லு."

பிழையாய்ச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். வாயில் வந்தது மாதா கோயிலில் சொல்லும் பிரார்த்தனைதான். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அரைகுறை இங்கிலீஷில் கருத்தும் சொன்னேன்.

"ஆரைக் கேட்கிறாய்? பேர் வரேல்லையே?"

"புனிதர்களின்ரை பேரெல்லாம் முன்னுக்கு நிண்டு படிக்கிறவை சொல்லுவினம், ஐயா. நாங்கள் பின்னால இதை மட்டும்தான்."

"உனக்கு ஒரு பேரும் தெரியாதோ?"

பயத்தில் ஒன்றுகூட வரவில்லை.

"சரி, அந்த இடத்தை வெறுமையாய் விடுவம்" என்றார்.

இசைத்தட்டு வெளிவந்ததும் வீட்டில் போட்டேன். வாளிச் சத்தம், இடைவெளி, பிறகு நடுங்குகிற என் குரல்; திரும்பத் திரும்ப அதேதான்.

"மாதாவையும் ஆட்டத்துக்கு விட்டிட்டியளோ?" என்று மனைவி ஏசினாள். ஆனால் அடுத்த இடைவெளியில், வெங்காயம் வெட்டிக்கொண்டே, "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்றாள். அதற்கடுத்ததில் இன்னொரு பேர். ஒன்றையும் அவள் தவறவிடவில்லை.

அந்தக் கிழவர் யாருக்காக இடம் விட்டார் என்று இன்னும் விளங்கவில்லை.