மேஸ்திரியின் பல்

மூன்றாம் நாளும் இறால் துண்டு தொட்டியின் அடியில் அப்படியே கிடந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

முதல் நாள், பசியில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் வெயிலைக் குறை சொன்னேன். சித்திரை மாதம் அது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை காலை பத்து மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடும். மூன்றாம் நாள், வெளுத்து ஊறிப்போயிருந்த துண்டைக் கரண்டியால் எடுத்து வெளியே போட்டேன். மீன் மூலையில் ஒதுங்கி நின்றது. கண் மட்டும் என்னையே பார்த்தது.

உங்கள் வீட்டு உப்புநீர்த் தொட்டியிலும் ஒரு மீன் இப்படிச் சாப்பிடாமல் ஒதுங்கி நின்றால், அந்தப் பயம் எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மீன்களைப் பற்றி நான் எதுவும் படித்தவள் இல்லை. எழுபதுகளின் நடுவில், இது நடந்தபோது, தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன்.

எங்கள் மீன் பேத்தை இனம். தொட்டால் தண்ணீரைக் குடித்துப் பந்து மாதிரி உப்பிக்கொள்ளும். அதன் ஈரலில் விஷம் இருப்பதால் யாரும் தின்பதில்லை. வலையில் வந்தால் மீனவர்கள் திட்டிக்கொண்டே கரையில் வீசிவிடுவார்கள்.

என் கணவர் முனுசாமி, சுண்ணாம்புக்குளத்துக்கு அப்பால் பழவேற்காட்டு ஏரிக்கரையில் வலை போடும் குடும்பம். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வந்ததும், வலையை விட்டுவிட்டு இரும்புக் கம்பி இழுக்கும் ஆலையில் சேர்ந்தார். சேர்ந்த இரண்டாம் வருடம் வலது கையில் மூன்று விரல்கள் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

புண் ஆறியது. அவர் ஆறவில்லை. துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் பள்ளிக்குப் போகும்போது எப்படி இருந்தாரோ, திரும்பி வரும்போதும் அப்படியே இருப்பார். ஐந்து மாதம் இப்படிப் போனது.

ஆலையில் இருந்த ஓர் அதிகாரி மாற்றலாகிப் போகும்போது, கண்ணாடித் தொட்டி ஒன்றையும் காற்று ஊதும் சிறிய மோட்டாரையும் எங்களிடம் விட்டுப் போனார். கணவரின் தம்பி ஏழுமலை ஒரு நாள் ஏரியின் உப்புத் தண்ணீரோடு இந்தப் பேத்தையைக் கொண்டுவந்து அதில் விட்டான். விளையாட்டாகத்தான் செய்தான். அது கண்ணாடி ஓரமாகவே நீந்தி, அறையில் யார் என்ன வேலை செய்தாலும் கூடவே வந்து பார்த்தது. "மேஸ்திரி மாதிரி மேய்க்குது பாரு" என்றார் என் கணவர். அந்த ஐந்து மாதத்தில் அவர் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். மீனுக்கு அதுவே பெயராகிவிட்டது.

அதன்பிறகு அவர் துண்டை எடுத்துவிட்டு, இடது கையால் வாளி தூக்கினார். தண்ணீர் மாற்றினார். ஏழு மாதம் மேஸ்திரி நன்றாக இருந்தது. அதற்குள் எங்கள் வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

இப்போது அது சாப்பிடவில்லை.

"இன்னாமே, இன்னிக்கும் துன்னலியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. கிட்ட வருது. மூக்கால இடிக்குது. அப்புறம் போயிடுது."

அவர் தொட்டி முன்னால் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் நான் வந்தபோதும் அங்கேயே இருந்தார். மடியில், முன்பு கையைச் சுற்றிவைக்கும் அந்தத் துண்டு இருந்தது.

மீனைவிட அந்தத் துண்டைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்தேன்.

தண்ணீர் கொண்டுவந்த ஏழுமலை நிலைமையைப் பார்த்துவிட்டு, "இதுக்கா அண்ணி இம்மாம் பேஜாரு? நாளைக்கே வலையில பத்து வரும். வேற ஒண்ணு கொணாந்து போட்டுட்டாப் போவுது" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். என் கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை நான் பட்டணம் போய், வண்ணமீன் விற்கும் ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். மீனைப் பார்க்காமலே, "வெண்புள்ளி நோயா இருக்கும்" என்றார். (உடம்பில் உப்புத்தூள் தெளித்ததுபோல் புள்ளி வரும் ஒட்டுண்ணி நோய் அது.) எங்கள் மீனின் உடம்பில் புள்ளி எதுவும் இல்லை. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நோய்க்கு ஒரு பெயர் கிடைத்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரு பொட்டலம் மயில்துத்தம் (செம்பு கலந்த நீல உப்பு, பயிருக்கும் தெளிப்பார்கள்) கொடுத்து, ஒரு சிட்டிகை கரைத்து ஊற்றச் சொன்னார்.

சிட்டிகை என்றால் யாருடைய சிட்டிகை? இதைக்கூட நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஊற்றினேன். நண்பகலுக்குள் மேஸ்திரியின் முதுகு கறுத்துப்போனது. செவுள் (மீன் மூச்சு விடும் உறுப்பு) படபடவென்று அடித்தது. தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து, ஒருக்களித்து மிதந்தது. நான் கொடுத்த மருந்துதான். என் கையால்தான்.

"எடுமே, தண்ணிய எடுத்துக் கொட்டு!" என்று கத்தினார் அவர். அடுக்களைப் பாத்திரம் எல்லாவற்றாலும் மொண்டு கொட்டினோம். பின்பக்கம் இரண்டு கேன்களில் வைத்திருந்த ஏரித் தண்ணீரை ஊற்றினோம். போதவில்லை. ஏழுமலை அந்த வெயிலில் சைக்கிளில் போய் இன்னும் இரண்டு கேன் கொண்டுவந்தான். பொழுது சாயும்போது மீன் நேராக நின்றது. முதுகின் கறுப்பு மெல்ல வெளுத்தது. நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

செதில் இல்லாத மீனுக்குச் செம்பு ஆகாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான். என்ன நோய் என்று கண்ணால் பார்க்காதவர் சொல்லும் மருந்தைத் தண்ணீரில் ஊற்றாதீர்கள்.

பட்டினியின் ஒன்பதாம் நாள், பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பொன்னேரியில் கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தார். ஒரு பிளாஸ்டிக் வாளியில் பாதி தண்ணீரும் மேஸ்திரியுமாக, மேலே ஈரத்துணி கட்டி, ரயிலில் கிளம்பினோம். வழியெல்லாம் நான் துணியை விலக்கி, டம்ளரில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தேன். அப்படி ஊற்றினால் காற்று கலக்கும். எதிரில் இருந்த அம்மாள் வாளிக்குள் எட்டிப் பார்த்து, "பேத்தையா? இத்தப் போயி துன்னுவாங்களா?" என்று பதறினார். "வைத்தியத்துக்குப் போறோம்" என்றார் என் கணவர். அந்த அம்மாள் அவருடைய கையைப் பார்த்துவிட்டு, கைக்குத்தான் வைத்தியம் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

மருத்துவருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் ஆசிரியை என்று சொல்லி வாளியை வைத்தேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"டீச்சர், எனக்கு மாடு தெரியும், ஆடு தெரியும். மீனு குழம்புலதான் தெரியும். சரி, என்ன பண்ணுது?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் டார்ச் விளக்கை வாளிக்குள் அடித்து, குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"என்ன சாப்பாடு போடுறீங்க?"

"இறால் சார்."

"ஓட்டோடயா?"

"இல்ல சார். உரிச்சு, நரம்பு எடுத்து, பொடியா நறுக்கிப் போடுவேன்."

அவர் விளக்கை அணைத்தார். "ஏரியில யாரும்மா உரிச்சுப் போடுறா?"

எனக்குப் புரியவில்லை. மறுபடி விளக்கை அடித்துக் காட்டினார். மேஸ்திரியின் வாயில் மேலும் கீழுமாக வெள்ளைத் தகடுகள் தெரிந்தன. கிளி மூக்குபோல் வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பூட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் போக ஓர் இடுக்கு தவிர, வாய் திறக்க வழியே இல்லை.

"முயலுக்கு இப்படிப் பார்த்திருக்கேன். பல்லு வளர்ந்துகிட்டே இருக்கும். கடினமானதைக் கடிச்சாத்தான் தேயும். இதுவும் நண்டு, நத்தைனு உடைச்சித் திங்கிற ஜாதியாத்தான் இருக்கும். நீங்க மெத்துமெத்துனு போட்டு வளர்த்திருக்கீங்க. பசி இருக்கு டீச்சர். வாய்தான் திறக்கல."

மூக்கால் இடித்துவிட்டுத் திரும்பிப் போனது அருவருப்பால் அல்ல. ஒன்பது நாளும் அது சாப்பிட முயன்றுகொண்டிருந்தது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெட்டணும்" என்றார் மருத்துவர். கம்பி நறுக்கும் சிறிய குறடு ஒன்றை வெந்நீரில் போட்டு எடுத்தார். என்னிடம் நீட்டினார்.

"சார், நீங்களே..."

"என் கை மாட்டுக் கை. கன்னுக்குட்டி இழுத்துப் பழகினது. உங்க விரல் சின்னது. எங்க வெட்டணும்னு நான் சொல்றேன்."

மீனைப் பிடிக்க வேண்டியது என் கணவர். வெட்டி வாய் திறந்த கணமே அது கடிக்கலாம். பேத்தை கடித்தால் விரல் நுனி போய்விடும் என்று அவருடைய ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் அவரைப் பார்த்தேன். "போவட்டும்மே. மூணு போன எடத்துல இன்னும் ஒண்ணுதானே" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எங்கள் இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

அகலமான தாம்பாளத்தில் வாளித் தண்ணீரை ஊற்றினோம். அவர் ஈரத்துணியால் மீனைச் சுற்றி, தண்ணீருக்குள்ளேயே இடது கையால் பிடித்தார். வெளியே தூக்கினால் காற்றைக் குடித்து உப்பிவிடும். பிறகு அந்தக் காற்றை வெளியேற்ற முடியாமல் செத்துப்போகும். இதை மருத்துவருக்கு என் கணவர்தான் சொன்னார்.

நான் குறட்டோடு கையைக் கொண்டுபோன உடனே மேஸ்திரி உப்பியது. துணிக்குள் முள்முள்ளாக விறைத்து, அவர் பிடியிலிருந்து வழுக்கி, தாம்பாளத்தில் உருண்டது. "உடுமே. அதுவா அடங்கட்டும்" என்றார். மூவரும் காத்திருந்தோம். மெல்ல மெல்லத் தண்ணீரைத் துப்பிச் சுருங்கியது.

இரண்டாம் தடவை அவர் இரண்டு கைகளையும் தண்ணீரில் வைத்தார். இடது கை உடம்பைப் பிடித்தது. வலது கையின் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் மீனின் தலை சரியாகப் பொருந்தியது. விரல்கள் இருந்திருந்தால் வாயை மறைத்திருக்கும்.

"நுனிய மட்டும். சதைகிட்ட போகாதீங்க" என்றார் மருத்துவர்.

கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை. அழுத்தினேன். டக்கென்று ஒலி கேட்டது. நகத்துண்டு மாதிரி ஏதோ ஒன்று என் வளையலில் பட்டுத் தெறித்தது. மீனின் உடம்பு முழுவதும் ஒருமுறை அதிர்ந்தது. கீழ்ப்பல்லையும் வெட்டினேன். இழைபோல ஒரு துளி ரத்தம் தண்ணீரில் கரைந்தது.

"போதும், விட்டுடுங்க."

வாளிக்குள் விட்டதும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ரயிலில் திரும்பி வரும்போது அவருடைய சட்டை முன்பக்கம் முழுக்க ஈரம். எனக்குப் பல் கிட்டிக்கொண்டு, தாடை வலித்தது.

அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. நான் தப்பாக வெட்டிவிட்டேன், தாடையை நொறுக்கிவிட்டேன் என்றே நம்பினேன். பள்ளியில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சுண்ணக்கட்டி உடைந்தால்கூட அந்த ஒலி கேட்டது. மூன்றாம் நாள் கூழாக நசுக்கிய இறாலைக் கொஞ்சம் உறிஞ்சியது. உறிஞ்சியதா, என் ஆசைக்கு அப்படித் தெரிந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை.

ஐந்தாம் நாள் காலை ஏழுமலை கட்டைவிரல் நகம் அளவுக்கு நான்கு குட்டி நண்டுகள் கொண்டுவந்தான். நான் அடுக்களையில் நாஷ்டாவுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து ஓர் ஒலி வந்தது. காய்ந்த வேர்க்கடலையை யாரோ உடைப்பதுபோல இருந்தது.

"மே! கேட்டியா?"

நான் மாவுக் கையோடு ஓடினேன். மேஸ்திரி இரண்டாவது நண்டைத் துரத்திக்கொண்டிருந்தது. ஏழுமலை கைதட்டினான். என் கணவர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போகவில்லை. கொஞ்ச நேரம் அவர் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேஸ்திரி அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்குமேல் இருந்தது. இன்னும் இரண்டு தடவை பல் வெட்ட வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் எனக்குக் கை நடுங்கியது. பழகிவிடும் என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். என் கணவர் ஆலை வாசலில் வருகைப் பதிவேடு எழுதும் வேலைக்குப் போனார். இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டார். மீன் குணமானதால்தான் போனார் என்று நான் சொல்லவில்லை. அது குணமான பிறகு போனார்.

நோய் என்றால் வெளியிலிருந்து ஏதோ உள்ளே வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மேஸ்திரிக்கு எதுவும் உள்ளே வரவில்லை. அதன் சொந்தப் பல், வளர வேண்டிய வேகத்தில் வளர்ந்தது, அவ்வளவுதான். தினமும் காலையில் நான் பிரியமாக இறால் உரித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், தினமும் கொஞ்சம் வளர்ந்தது. ஏழு மாதம் நன்றாக இருந்தது என்று முன்பு எழுதினேன் அல்லவா? அந்த ஏழு மாதமும் பூட்டு மெல்ல விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

எனக்கு வயதாகிவிட்டது. வீட்டில் யாராவது இரண்டு வேளை சாப்பாடு வேண்டாமென்றால், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் "வாயைத் தொற" என்கிறேன். சிரித்துக்கொண்டே திறந்து காட்டுகிறார்கள். பார்த்துவிட்டு, அவர்கள் அந்தப் பக்கம் போனதும், நாக்கால் என் பற்களை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணுகிறேன். போன வருடத்தைவிட இரண்டு குறைவு.