சிவப்பு எரிந்தால் கை வைக்காதே

டப்பா மூடி அடிக்கும் பட்டறையில் அவளை எல்லோரும் மின்மினி என்றுதான் கூப்பிட்டார்கள். பதினாறு வருடமாகக் கையால் தகடு தள்ளி, காலால் பெடல் மிதித்துப் பழகியவள். வீட்டுக்கு வந்தால் சால்டரிங் கோலும் கையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். முதல் எல்இடியை ரெசிஸ்டர் இல்லாமல் ஒன்பது வோல்ட் பேட்டரியில் நேராக மாட்டி ஒரே நொடியில் கருக்கியவள்தான். இப்போது மஞ்சள், ஊதா, பழுப்பு என்று ரெசிஸ்டரின் கோடுகளைப் பார்த்தே நானூற்றெழுபது ஓம் என்று சொல்லிவிடுவாள்.

"பூனைக்குட்டி வளர்த்தாலும் மடியில வந்து உட்காரும். இந்த பல்பு என்ன அண்ணி பண்ணும்?" என்பாள் நாத்தனார். பட்டறையில் அடுத்த மெஷின் அவளுடையது. இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

மேஸ்திரிக்குக் கடுவன் என்று பட்டப்பெயர். கை ஓங்காமல் அவனுக்குப் பேச வராது. குனிந்து வேலை செய்கிறவர்களின் பிடரியில் அடித்துவிட்டுத்தான் விஷயத்தையே சொல்வான். அச்சு இறங்கும்போது கை உள்ளே போகாமல் தடுக்க ஒவ்வொரு மெஷினிலும் ஒரு வலைக்கதவு உண்டு. வேலை வேகமாக ஓடட்டும் என்று அத்தனையையும் மேலே தூக்கிக் கம்பியால் கட்டிவைத்தவன் அவன்.

ஒருநாள் மின்மினி தன் மெஷினிலும் நாத்தனாருடையதிலும் தலா ஒரு சர்க்யூட் மாட்டினாள். கதவைத் திறந்ததும் ஃப்ரிட்ஜில் விளக்கு எரியுமே, அதே மாதிரி ஸ்விட்ச். கூடவே ஒரு பேட்டரி, ரெசிஸ்டர், சிவப்பு எல்இடி. வலைக்கதவு மூடாதவரை எரியும்.

"சிவப்பு எரிஞ்சா கை வைக்காதீங்க" என்றாள். சுற்றி நின்ற பெண்களின் கால்கள் ஒவ்வொன்றாகப் பெடலை விட்டு இறங்கின.

கடுவன் சுத்தியலோடு வந்தான். இரண்டு அடியில் இரண்டு விளக்கும் தூள். மூன்றாவதாக அவள் கன்னத்தில் அறைந்தான். கடைவாய்ப்பல் ஆடியது.

"கால எடுத்தவ எவளோ, அவ வீட்டுக்குப் போலாம்."

யாரும் போகவில்லை. மறுபடி பெடல்கள் இறங்கின. வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டு மின்மினியும் மிதித்தாள்.

நாலாம் நாள் நாத்தனார் அலறினாள். அச்சு இறங்கி அப்படியே சிக்கிக்கொண்டது. அதற்கடியில் அவள் வலது கை. மின்மினி பாய்ந்து மெயினை அணைத்தாள். கடுவனும் ஓடி வந்தான். ஆனால் அவன் கையில் இருந்தது கட்டிங் பிளேயர். வலைக்கதவைக் கட்டிய கம்பியை வெட்டத்தான் வந்திருந்தான்.

"முதல்ல கதவ இறக்கணும். யாராச்சும் பார்த்தா..."

சிக்கிய அச்சைத் தூக்க மெஷின் சக்கரத்தைக் கையால் சுழற்றும் இரும்புத் தண்டு சுவரோரம் இருந்தது. மின்மினி அதை எடுத்து அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. விழுந்தவன் முழங்காலில் இன்னொன்று. பிறகு அதே தண்டைச் சக்கரத்தில் செருகி, முழு பலத்தையும் போட்டு அழுத்தினாள். அச்சு எழுந்தது. நாத்தனாரின் மூன்று விரல்கள் தகட்டோடு தகடாக ஒட்டிக் கிடந்தன.

கம்பி வெட்டப்படாமலே இருந்ததால் சோதனைக்கு வந்த அதிகாரி அதைக் கண்ணால் பார்த்தார். கதவுகள் சரியாகும்வரை பட்டறைக்குப் பூட்டு. கடுவன் மேலும் வழக்கு. அவள் மேலும் வழக்கு.

"தடுக்கத்தான் அடிச்சேன்னு மட்டும் சொல்லும்மா" என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கூண்டில் ஏறியதும் அவளுக்குப் பொய் வரவில்லை.

"முதல் அடி கம்பிய வெட்ட விடாம இருக்க. ரெண்டாவது எனக்காக அடிச்சேன்யா."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆறு மாதம் கிடைத்தது.

முதல் வாரமே மூன்று விரல் போன கையோடு நாத்தனார் சிறைக்கு வந்தாள். வலைக்கு அப்புறம் வந்து நின்றாள்.

"தூக்கத்துல அவன் எலும்பு முறிஞ்ச சத்தம் கேக்குது" என்றாள் மின்மினி.

"எனக்கும் கேக்குது அண்ணி. அது கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது."