சேவுகனின் இடது கால்

மேலூர்ப் பக்கம் கல் குவாரியில் சுமை ஏற்றிக்கொண்டிருந்த சேவுகன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். 1998 கோடையில் அவருக்கு இடுப்பில் தொடங்கிய வலி, இடது தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இழுத்தது. இருமினால் கரண்ட் அடித்ததுபோல் துடிப்பார். சுளுக்கு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்படிப் பிறந்த பேச்சியக்காவை அழைத்து வந்தார்கள்.

"என்ன தம்பி, அம்புட்டுக் கல்லு தூக்குற, என் காலு பாரமா?" என்றாள் அவள், அவர் இடுப்பில் மிதித்தபடி.

"கல்லு இம்புட்டுப் பேசாதுக்கா," என்று குப்புறப் படுத்தபடியே சிரித்தார்.

அதற்கு முந்தைய வாரமே ஒன்றைக் கவனித்திருந்தேன். இடது செருப்பு கழன்று தெருவில் கிடக்க, அது தெரியாமலே அவர் நடந்து போனார். அவர் மனைவி பஞ்சவர்ணத்திடம் சொன்னேன்.

"பிடிப்பு விட்டா சரியாயிரும்க்கா," என்றாள்.

மிதித்த மறுநாள் அவருக்குச் சிறுநீர் பிரியவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனோம். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்றார் டாக்டர். கால் மரத்தபோதே வந்திருக்க வேண்டுமாம்.

ஆபரேஷனுக்குப் பின் வலி போனது. சிறுநீரும் பிரிந்தது. பாதத்தை மட்டும் தூக்க முடியவில்லை, தரையில் இழுபடுகிறது. அன்றிலிருந்து குவாரிக்குப் பஞ்சவர்ணம்தான் ஜல்லி உடைக்கப் போகிறாள். சேவுகன் சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய் உலை வைக்கிறார்.