அகழி முதலைக்கு எதிரி யார்?

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பி.ஏ. வரலாறு. மேலே எம்.ஏ. படிக்கச் சென்னைக்குப் போகிறேன் என்றபோது அம்மா பிடிகொடுக்கவில்லை. ஆம்பூரில் அவர் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் ஆபீசில் எனக்கு இடம் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவோடு தையல் லைனில் இருக்கும் பெண்கள் லீவு நாளில் வேன் பிடித்து வேலூர் கோட்டைக்குக் கிளம்பினார்கள். "வரலாறு படிச்ச பொண்ணு, வந்து சொல்லட்டுமே" என்று பக்கத்து மெஷின் அக்கா என்னையும் ஏற்றிக்கொண்டார்.

போருக்குப் போன விலங்குகளைப் பற்றிக் கல்லூரியில் பேசியிருந்தேன். அதையே வேனில் எடுத்துவிட்டேன். முதுகில் சின்ன பீரங்கி சுமந்த ஒட்டகம், குண்டுகளுக்கு நடுவே சேதி கொண்டுபோன புறா, பன்றியின் அலறலில் மிரண்டு சொந்தப் படையையே மிதித்த யானை.

"பன்னிக்கா யானை பயந்துச்சி? எங்க தெருவுக்கு வந்தா ஊரவுட்டே ஓடிப்பூடும்!" என்றார் அக்கா. வேனே சிரித்தது. அம்மா பெருமையாக என்னைப் பார்த்தார்.

கோட்டை வாசலில் அகழியைக் காட்டினேன். "இதுல முதலை வுட்டிருந்தாங்கன்னு சொல்லுவாங்க. எதிரி நீந்தி வந்தா புடிக்கறதுக்கு."

அக்கா எட்டிப் பார்த்தார். "முதலையா? இன்னா தோலு அது! காவலுக்கு நின்னவனே புடிச்சி உரிச்சிருப்பான்."

"உரிச்ச தோல உப்பு போடாம எங்க வெப்பான்? மறுநாளே நாத்தம் காட்டிக் குடுத்துடும்" என்ற அம்மா, என் பக்கம் திரும்பினார். "ஏன்டி, நம்மாளு யாரு, எதிரி யாருன்னு முதலைக்கு எப்டி தெரியும்? சண்டை இல்லாதப்போ அதுக்குத் தீனி யாரு போட்டது?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு இது தோன்றியதே இல்லை.

"தெரியலம்மா."

"இவ்ளோ படிச்சி இது தெரியலியா? பேசாம ஆபீஸ்ல உக்கார வையி" என்றார் அக்கா அம்மாவிடம். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் கோட்டையைச் சுற்றும்போதெல்லாம் என் கண் அந்தத் தண்ணீருக்கே போனது.

திரும்பும் வழியில் அக்கா தூங்கிவிட்டார். அம்மா மெல்லக் கேட்டார்: "அந்த முதலை விஷயம் எந்த புக்லயும் இல்லியா?"

"நான் படிச்சதுல இல்லம்மா. சென்னையில பெரிய லைப்ரரிங்க இருக்குது. தேடிப் பாக்கணும்."

பள்ளிகொண்டா தாண்டியதும் அம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"பன்னி கத்துனதையே எழுதி வெச்சிருக்காங்க. இதையும் எவனாவது எழுதியிருப்பான். சென்னைக்கே போயி பாரு" என்றார். பிறகு அக்காவைக் கண்ணால் காட்டினார். "தெரிஞ்சதும் மொதல்ல எனக்கு போன் பண்ணு. இவளுக்கு நான்தான் சொல்லணும்."