இரண்டாவது சிடியில் என்ன நடந்தது

மழையில் ஊறிய பனையோலை வாசனையும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வரும். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்து மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இருந்தது அந்த வாசனைதான். மரக்காணத்து உப்பளத்தில் மழை இறங்கிவிட்டால் வேலை இல்லை. பாத்திகளெல்லாம் ஏரியாகிவிடும், ஆண்கள் வீட்டில் உட்கார்ந்து கூரையையும் மனைவியையும் மாற்றி மாற்றிக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வாயை அடைக்கத்தான் கூனிமேட்டுக் கடையிலிருந்து வாடகைக்கு "டெக்கு" வரும். வருவது சிடி பிளேயர்தான். ஆனாலும் பழைய கேசட் பெட்டிக்கு வைத்த பெயரை எங்கள் தெரு விடவில்லை.

அன்று வந்த படத்தைவிட மட்டமான ஒன்றை நான் பிறகு பார்த்ததில்லை. ஒரு போலீஸ்காரன், ஒரு திருடன். இருவர் கையும் ஒரே விலங்கில் மாட்டிக்கொள்கிறது, சாவி ஆற்றில் விழுந்துவிடுகிறது. ஒருவனுக்கு ஒருவனைக் கண்டாலே ஆகாது, ஆனாலும் விலங்கோடு லாரியிலும் ரயிலிலும் கழுதை வண்டியிலும் ஊர் ஊராக ஓடுகிறார்கள்; வழியெல்லாம் யாரோ சுடுகிறார்கள், ஒரு குண்டாவது பட்டுத் தொலையாதா என்று நான் ஏங்கியும் படவில்லை. எந்த நாட்டுப் படமோ, வாய் ஒன்று சொல்லும், தமிழ் வேறொன்று சொல்லும். அட்டையில் துப்பாக்கியோடு நின்ற பெண்ணைப் படத்தில் காணவே காணோம்.

அம்மா இந்தக் குப்பையை எடுத்துவந்ததற்குக் காரணம் இருந்தது. அப்பாவும் அம்மாவின் தம்பியான ஏழுமலை மாமாவும் அப்போது பேசிக்கொள்வதில்லை. அதற்கு முந்தைய மழையில், அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த பாத்தியின் உப்புக் குவியல் ஓலை போட்டு மூடாமல் கிடந்து கரைந்து ஓடிவிட்டது. மூடச் சொல்லி அவனிடம் சொன்னேன் என்பது அப்பாவின் கட்சி. என்னிடம் யாரும் சொல்லவில்லை என்பது மாமாவின் கட்சி. உப்பு போனது, ரோஷம் மட்டும் அப்படியே நின்றது. "அந்த ஆளை வழி விடச் சொல்லும்மா" என்று ஒருவர் சொல்ல, "தெரு என்ன அவரு குத்தகைக்கு எடுத்ததான்னு கேளு" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றுகொண்டுதான் சொல்வார்கள். எட்டாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு, மீசை வைத்த இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவே தபால்காரி வேலை.

இதில் அகப்பட்டுக்கொண்டவள் வசந்தி அக்கா. பெருமுக்கல்லில் அவளுக்கு ஒரு வரன் அமைந்திருந்தது. மாப்பிள்ளை பழனி திண்டிவனத்தில் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். அக்கா பத்தாவதோடு நின்று உப்புக் கூடை சுமக்கப் போனவள். உப்புத் தண்ணீரில் வெடித்த குதிகாலுக்கு அம்மா எண்ணெய் தடவும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்த வரன் கைகூட வேண்டுமே என்று அவள் தவித்த தவிப்பு வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தெரிய வேண்டிய இருவரைத் தவிர. பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் சேர்ந்து தட்டு எடுத்து வந்தால்தான் வெற்றிலை மாற்றுவோம், வருகிற வெள்ளிக்கிழமை விட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம், "டெக்கு வேலை செய்யல, வயரை வந்து பாருடா" என்று அம்மா மாமாவுக்கு ஆள் அனுப்பினாள். மாமா உப்பு லாரியில் கிளீனர். ஆனால் உலகத்து மிஷினெல்லாம் தன் கைக்கு அடக்கம் என்ற நினைப்பு. கொட்டுகிற மழையில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வந்து, ஏற்கெனவே சரியாக இருந்த வயரைப் பிடுங்கி மறுபடி மாட்டிவிட்டு, பெருமையோடு உட்கார்ந்தார். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். படத்தில் கழுதை வண்டி வந்தபோது அந்தத் திரும்பலும் போய்விட்டது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள்; சிரித்தது தெரிந்ததும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

போலீஸ்காரன் கையில் வேறொரு சாவி கிடைக்கிறது. திருடனை அவிழ்த்து விடுவானா, ஜெயிலில் தள்ளுவானா என்று நிற்கும்போது முதல் சிடி முடிந்தது. இரண்டாவது சிடியைப் போட்டால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. மாமா அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, அதைப் பிடுங்கித் தோளில் கிடந்த துண்டால், சாப்பாட்டுத் தட்டைத் துடைப்பதுபோல அழுத்தித் துடைத்தார். வருஷக்கணக்காக உப்பளத்துக்குப் போய்வந்த துண்டு அது. எத்தனை துவைத்தாலும் இழைக்குள் உப்புப் பரல் இருந்துகொண்டே இருக்கும். துடைத்து முடித்தபோது சிடி, பலகை போட்டு வாரிய பாத்தி மாதிரி கோடு கோடாக இருந்தது.

"ஏன் மாமா, உப்புத் துண்டால யாருனா சிடியைத் துடைப்பாங்களா?" என்று கேட்டுவிட்டார் ஏழுமலை மாமா. நேராக அப்பாவிடமே கேட்டுவிட்டார்.

"ஓடுனா என்ன, ஓடாட்டி என்ன? போலீஸ்காரன் அவனை உள்ளதான் தள்ளுவான். தப்பு பண்ணவனை விட்டுடுவானா?"

"இவ்ளோ தூரம் கூட வந்தவனை எப்படி மாமா தள்ளுவான்? அவுத்து வுட்டுடுவான், பாரு."

அவர்கள் பேசியது அந்தப் படத்தைப் பற்றி அல்ல, கரைந்துபோன உப்பைப் பற்றித்தான். எட்டாவது படிக்கிற எனக்குப் புரிந்தது அந்த இருவருக்கும் புரியவில்லை. அம்மாவோ, சண்டையாவது போடுகிறார்களே என்று வாயெல்லாம் பல்லாக டீ போட ஓடினாள். மறுநாள் காலையில் தட்டைக் கையில் கொடுத்து இருவரையும், காவலுக்கு என்னையும் பஸ்ஸில் ஏற்றியும்விட்டாள்.

பஸ் முழுக்க அதே பேச்சுதான். பெருமுக்கல்லில் இறங்கியும் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் பாய் விரித்து, நடுவில் வெற்றிலைத் தட்டை வைத்து, மாப்பிள்ளையின் அப்பா காத்துக்கொண்டிருக்கிறார். இவர்கள் தட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து "தள்ளுவான்", "விட்டுடுவான்" என்று முஷ்டியை மடக்குகிறார்கள். "சண்டைக்கார வீடு போல இருக்குதே" என்று உள்ளே ஒரு பெண் குரல் கேட்டது. அக்காவின் வெடித்த குதிகால்தான் என் கண்ணுக்குள் வந்தது. அவளுடைய வாழ்க்கை அந்தத் தட்டில் இருக்கும்போது, கழுதை வண்டியில் போன இரண்டு உதவாக்கரைகளுக்காகக் கத்திக்கொண்டிருந்தவர்களை அந்த நிமிஷம் நான் மனதார வெறுத்தேன்.

மாப்பிள்ளை குனிந்து, "என்ன மாமா பிரச்சனை?" என்று கேட்டார். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு கதையைச் சொன்னார்கள். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்றார்கள்.

"அந்தப் படமா? நானும் போட்டேன் மாமா. பாதியிலயே தூங்கிட்டேன்."

மாப்பிள்ளையின் அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, சிரித்தபடியே தட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டினார். எங்கள் குடும்பத்துக்குள் முதல்முறையாக ஒரு புத்தியுள்ள ஆண் வரப்போகிறான் என்று எனக்குத் தெம்பு வந்தது.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. அக்காவின் குதிகால் ஆறி, வெடிப்பிருந்த இடமே தெரியவில்லை. கூனிமேட்டில் அந்தக் கடை இப்போது இல்லை, "டெக்கு" என்றால் என்னவென்று அக்காவின் பிள்ளைகளுக்குத் தெரியாது, அப்பாவின் துண்டு எப்போதோ கரித்துணியாகிவிட்டது. உப்புக் குவியலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஆனால் போலீஸ்காரன் என்ன செய்தான் என்ற வழக்கு மட்டும், இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகும், ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்கா வீட்டில் நடந்துகொண்டே இருந்தது.

பொறுக்க முடியாமல் அந்தப் படத்தைத் தேடிப்பிடித்துப் போனில் முழுதாகப் பார்த்தேன். போலீஸ்காரன் தள்ளவும் இல்லை, விடவும் இல்லை. ஏதோ ஒன்று வெடிக்கிறது, விலங்கு தானாக உடைந்துபோகிறது, இருவரும் வேறு யாரையோ அடிக்க ஓடுகிறார்கள். பிறகு விலங்கைப் பற்றியோ திருட்டைப் பற்றியோ படம் முடியும்வரை பேச்சே இல்லை. எடுத்தவனுக்கே மறந்துவிட்டது. அட்டையில் இருந்த பெண் கடைசியில் ஒரு பாட்டுக்கு வந்து போகிறாள்.

போன பொங்கலுக்கு இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து அந்த இரண்டாம் பாதியைப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார்கள்.

"இது அந்தப் படமே இல்ல" என்றார் அப்பா.

"ஆமா மாமா, இது வேற ஏதோ குப்பை" என்றார் ஏழுமலை மாமா. "அது எவ்ளோ நல்ல படம்!"

அந்த இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.